தனியே போவதா, வீட்டிலிருந்தே சேமிப்பதா: கணக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள்

வணக்கம். வேலைக்குச் சேர்ந்த கையோடு பெற்றோர் வீட்டைவிட்டுத் தனியே போக நினைப்பவர்களுக்காக ஒரு கணக்குத் தாள் தயாரிக்கிறோம்.

முதலில் ஒத்திகை: உத்தேச வாடகை, சாப்பாடு, மின்சாரம், இணையம் எல்லாம் கூட்டி, சம்பளம் வந்த அன்றே வேறு கணக்கில் போட வேண்டும். 3 மாதம். நடுவில் எடுக்க நேர்ந்தால் சம்பளம் இன்னும் பற்றாது. எடுக்காவிட்டால் அதுவே முன்பணத்துக்கு ஆகும். பலர் இடறுவது வாடகையில் இல்லை. காப்பீடு, வண்டிப் பழுது, பல் வைத்தியம் என்று எப்போதாவது வருகிற செலவில்தான். அவற்றின் வருடத் தொகையை 12-ஆல் வகுத்துச் சேர்த்திருக்கிறோம். வேறென்ன விட்டுப்போயிருக்கிறது?

இதைவிட முக்கியம்: வீட்டிலேயே இருந்து சேமிப்பவர், இரவு தாமதமாக வருவது, அறைக் கதவைச் சாத்திக்கொள்வது, சம்பளக் கணக்கைக் காட்டாமலிருப்பது பற்றியெல்லாம் பெற்றோரிடம் எப்படிப் பேசலாம்? சண்டையில்லாமல் பேசத் தெரிந்தவர்கள், சொல்ல வேண்டிய வாக்கியங்களாகவே எழுதிக் கொடுங்கள்.