ஏற்காடு லயன்களில் எல்லாருக்கும் மனச்சோர்வுப் பரிசோதனை: தேவையா, வீண் வேலையா?

மலைப்பாதை20:
சேலம் டவுனில் கிளினிக் நடத்தும் மருத்துவ உளவியலாளர் யாரைப் பார்க்கிறார்? 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியையும் விட்டு வர முடிந்தவரை மட்டும். நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ முடங்கிக் கிடப்பவர் அவர் கணக்கிலேயே வருவதில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வு (தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்) சொன்ன சிகிச்சை இடைவெளி (நோய் இருந்தும் சிகிச்சை கிடைக்காதவர் பங்கு), கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். வராதவர் எத்தனை பேர் என்று கேட்பதிலிருந்துதான் பொது சுகாதாரம் தொடங்குகிறது. ஆகவே என் வாதம்: நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கும் முன் எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லாருக்கும் பிஎச்க்யூ-9 (மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவம், கடந்த இரண்டு வாரம் பற்றியது, கேள்விக்கு 0 முதல் 3) போட வேண்டும், 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சைக்கு எடுக்க வேண்டும்.

குகை_கணக்கு:
ஆயிரம் பேருக்குப் போடுங்கள், பார்ப்போம். தாராளமாக 50 பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (அதே ஆய்வு சொன்னது 2.7 சதவீதம்தான்). 10 என்ற வெட்டுப்புள்ளியில், இருப்பவரைக் கண்டுபிடிப்பது 88, இல்லாதவரை விலக்குவது 88 சதவீதம் என்பது 2001ல் வந்த மூல ஆய்வின் எண்கள். 50ல் 44 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 950 பேரில் 114 பேரும் சிக்குவார்கள். ஆக 158 பேர் கையில் சீட்டோடு நிற்க, நோய் இருப்பது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு.

இனி ஆள் கணக்கு. ஒரு உளவியலாளர் வாரம் 30 அமர்வு எடுப்பார். 158 பேரை ஆளுக்கு ஒரு மணி நேரம் மதிப்பிட வேண்டும்; 44 பேருக்கு எட்டு எட்டு அமர்வு என்றால் 352. மொத்தம் 510. ஏற்கெனவே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவிட்டு 17 வாரம் இதையே செய்ய வேண்டும். கண்டறிந்த பிறகு சிகிச்சை தர வசதி இருக்க வேண்டும் என்பது, வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968ல் எழுதிய பரிசோதனை நெறிகளிலேயே உண்டு. நீங்கள் சொல்லும் பொது சுகாதாரத்தின் அரிச்சுவடி அது.

செவ்வாப்பேட்டை:
கணக்கு சரிங்க. ஆனா அந்த 88ங்கறதே லயன்ல நிக்காது. பறிப்பு சீசன்ல களைப்பில்லாதவங்க யாரு? தூக்கம், களைப்பு, பசி, மூணும் 3, 4, 5ஆவது கேள்வி. ரத்தசோகை இருக்கற பொம்பளைக்கு இதுலயே 6, 7 வந்துரும். எச்.பி. (ரத்தத்துல ஹீமோகுளோபின்) பாக்காம மனச்சோர்வுன்னு எழுதறது தப்பு.

அப்புறம் 'பல நாட்கள்', 'பாதி நாளுக்கு மேல்'னு இருக்கற பதில்களைப் படிச்சுக் காட்டுனா முக்காவாசிப் பேரு நடுவுல ஒன்னைச் சொல்லிட்டுப் போயிருவாங்க. 14 காப்பிக்கொட்டைய முன்னால வெச்சு, 'ரெண்டு வாரத்துல எத்தன நாளு இப்படி இருந்துச்சு, அத்தனைய இந்தப்பக்கம் தள்ளுங்க'ன்னு கேட்டா பதில் தெளிவா வரும். ஏழுக்கு மேல தள்ளுனா 2, அனேகமா எல்லாத்தையும் தள்ளுனா 3. மேஸ்திரி பக்கத்துல நின்னா அத்தனையும் பூஜ்யம்தான், அதையும் சொல்லிடறேன்.

இன்னொன்னு, யாருக்கு எவ்வளவுங்கற பட்டியல் எஸ்டேட் ஆபீசுக்குப் போகவே கூடாது. 2017 மனநலச் சட்டம் 23ஆவது பிரிவுல ரகசியம் காக்கறது நோயாளியோட உரிமை. வண்டி குடுத்தோம், டீ குடுத்தோம்னு பட்டியல் கேப்பாங்க. குடுத்தா அடுத்த வருசம் அவங்களுக்கு வேலை இருக்குமா?

மலைப்பாதை20:
'எல்லாருக்கும்' என்பதை விட்டுவிடுகிறேன். நோய் கூடுதலாக இருக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கணக்கே மாறும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீண்டநாள் நோயோடு வருபவர்கள், பிரசவமாகி ஆறு வாரம் ஆனவர்கள், வீட்டில் குடி இருக்கும் பெண்கள். அங்கே 20 சதவீதம் என்று வைத்தால், ஆயிரத்தில் 176 உண்மை, 96 பொய். மூன்றில் இரண்டு பேர் சரி. முதல் இரண்டு கேள்வியை மட்டும் கேட்டு, ஆறுக்கு மூன்று வந்தவருக்கு மட்டும் மிச்ச ஏழைக் கேட்டால் வேலையும் பாதியாகும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கே போகும் தன்னார்வலர் கேட்கக்கூடிய கேள்விகள்தான் அவை.

சிகிச்சைக்கும் உளவியலாளரே வேண்டும் என்பதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 39. லான்செட்டில் 2017ல் வந்தது.

குகை_கணக்கு:
அதே ஆய்வை முழுதாகப் படியுங்கள். அதில் சேர்த்தது பிஎச்க்யூ-9ல் 14க்கு மேல் வந்தவர்களை. 10 வாங்கியவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. அந்த ஆலோசகர்கள் அமர்வுகளைப் பதிவு செய்து, வாராவாரம் கூடிக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். நம் ஊரில் மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ, அத்தோடு முடிந்துவிடும். நாலாவது மாதம் அந்த ஆலோசகர் 'கவலைப்படாதீங்க, சாமி பாத்துக்கும்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். தன்னார்வலர் தலையில் இன்னொரு பதிவேட்டைக் கட்டுவதற்கு முன், மேற்பார்வைக்கு வாரம் இரண்டு மணி நேரம் யார் தருவது என்று எழுதுங்கள். பேர் இல்லை என்றால் திட்டமும் இல்லை.

அம்மாபேட்டை_தறி:
ரெண்டு பேரும் படிவத்தையே சுத்தி வர்றீங்க சார். மலைக்குப் போறதுக்கு முன்னால டவுன் கிளினிக்குல இருக்கற நோட்டைத் திறக்கலாமே. ஆளுக்கு ஆறு கட்டம் போதும்: பின்கோடு, யார் அனுப்புனது, தொந்தரவு ஆரம்பிச்சு எத்தன மாசம், முதல் ஸ்கோர், எத்தன அமர்வு, கடைசி ஸ்கோர். ஏற்காடு பின்கோடு 636601லிருந்து வருசத்துக்கு எத்தன பேரு வந்தாங்க, ரெண்டாவது அமர்வுக்கு எத்தன பேரு திரும்பினாங்கன்னு ஒரு சாயங்காலத்துல தெரிஞ்சுரும்.

ஸ்கோரை ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னாலயே எடுக்கணும், கடைசி நாளுக்குன்னு வெக்கக்கூடாது. கடைசி நாள் வர்றவங்க தேறுனவங்க. நடுவுல நின்னவங்களோட எண்ணே இருக்காது. அப்பறம் கிளினிக் ரிசல்ட் பிரமாதம்னு தோணும். அஞ்சு புள்ளியாவது குறைஞ்சாத்தான் மாற்றம்னு எடுக்கலாம். நிக்கறதெல்லாம் மலைக்காரங்கதான்னு தெரிஞ்சா, முதல் அமர்வு நேர்ல, அடுத்த ரெண்டு போன்ல, நாலாவது ஏற்காட்டுலயேன்னு மாத்தி அமைக்கலாம். புதுசா ஒருத்தரையும் தேடிப் பிடிக்காம செய்யற பொது சுகாதாரம் இது.

மலைப்பாதை20:
நோட்டில் இருப்பவர் வந்தவர்தானே? வராதவர் அதிலும் இல்லை. பின்னத்தில் மேலே வரும் தொகுதி எண்ணை எவ்வளவு சுத்தமாக எழுதினாலும், கீழே வரும் பகுதி எண் ஏற்காடு தாலுகாவின் மக்கள்தொகைதான். தற்கொலையையே எடுங்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ததில், 1995ல் உச்சத்தில் இருந்த விகிதம் அடுத்த 20 ஆண்டில் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. அதற்கு எத்தனை அமர்வு தேவைப்பட்டது? மலையில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வீட்டுக்கு வீடு பெட்டி கொடுப்பது எட்டு அமர்வைவிட மலிவு.

குகை_கணக்கு:
அந்தப் பெட்டியையும் அதே இலங்கையில்தான் சோதித்தார்கள். 180 கிராமம், 50,000க்கு மேல் குடும்பங்கள், 2017ல் முடிவு வந்தது. பூச்சிமருந்து குடிப்பது குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. வேலை செய்தது தடை, பெட்டி அல்ல. தடை போடுவது அரசின் கையில். உளவியலாளர் அதற்கு மனு எழுதலாம், நல்லது. அதை 'கிளினிக் நடைமுறை' என்று அழைக்காதீர்கள்.

செவ்வாப்பேட்டை:
இங்கதான் ரெண்டையும் கலக்கறீங்க. ஊருக்கே பெட்டி குடுத்தா பலன் தெரியலைங்கறது ஊர்க்கணக்கு. 9ஆவது கேள்விக்கு (செத்துடலாம், தன்னையே காயப்படுத்திக்கலாம்னு தோணுதாங்கறது) 1 சொன்ன ஒரு ஆளு முன்னால உக்காந்திருக்காரு, அவரு வீட்டுல மருந்து பாட்டில் இருக்கு. அவருகிட்ட அந்த ஆய்வையா படிச்சுக் காட்டுவீங்க?

குகை_கணக்கு:
இல்லை. அங்கே நான் மறுக்கவில்லை. ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்த ஸ்கோர் 4 ஆனாலும், அன்றே தனியாகப் பேச வேண்டும். அதைச் செய்ய ஒரு ஆளும், கதவு சாத்தும் ஒரு அறையும் இல்லாத முகாம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. முதல் பதிவிலிருந்து என் எதிர்ப்பு அதுதான்.

மலைப்பாதை20:
அப்படியானால் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மாதம் இரண்டு நாள், நாளுக்கு அதிகபட்சம் 25 பேர், வெட்டுப்புள்ளி 15. 10 முதல் 14 வரை வந்தால் எச்.பி. பார்த்துவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்பது. மேற்பார்வை நேரம் எழுத்தில். இதற்கும் மறுப்பா?

குகை_கணக்கு:
25 அதிகம். 15 என்று போடுங்கள், அதில் ஒருவருக்கு ஒன்பதாவது கேள்வி வந்தாலே மத்தியானம் போய்விடும். மலிவு என்ற வாதத்தை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

அம்மாபேட்டை_தறி:
அந்த ஒருத்தருக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதும்போது மருந்தை யாரு எடுத்துட்டுப் போறதுன்னும் எழுதுங்க: கொழுந்தனா, பக்கத்து வீடா, வாங்கின கடைக்கே திருப்பறதா. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐச் சீட்டுல பெருசா எழுதணும், தமிழ்லயே பேசுவாங்க. ரெண்டாம் நாள் போன் பண்ணி பாட்டில் வீட்டை விட்டுப் போயிருச்சான்னு கேக்கணும். பெட்டில வெச்சுப் பூட்டிட்டோம்னு சொன்னா, சாவி யாரு கையிலன்னும் கேளுங்க.