நாகூருக்கு வேன்

குழு: வடக்குத் தெரு வீடு

மணி சித்தப்பா: ஞாயிறு நாகூருக்கு வேன். காலை 5 மணிக்கு வாசலில் நிற்கும். யார் யார் வருகிறீர்கள்?

பெரியம்மா: நானும் அவரும்.

கவின்: ஒரு சந்தேகம் சித்தப்பா. நம் குலதெய்வம் அய்யனார். அப்புறம் எதற்குத் தர்கா? சாமி, மதம் எல்லாமே மனிதனின் பயத்தில் பிறந்ததுதானே?

செந்தில்: தம்பி தொடங்கிவிட்டான் 😄

சரோஜா அத்தை: பயம்தான் கண்ணு, யார் இல்லை என்றது? உன் தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்கு போனார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி ஆழத்தில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்கு வரவில்லை, நேரே நாகூர் போய்விட்டாள். கடலில் போகிறவனுக்கு நாகூர் ஆண்டவர் துணை என்று ஊரே சொல்லும். தகட்டில் செய்த சின்னக் கப்பல் ஒன்று வாங்கிப் போட்டாளாம். போய்ச் சேர்ந்தேன் என்று கடிதம் வரும்வரை அவளுக்கு வேறு என்ன பிடிமானம்? அய்யனார் குதிரை கடலில் ஓடாதே!

செந்தில்: அத்தை, இங்கே சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் ஒரு நாகூர் தர்கா உண்டு. கப்பலில் வந்த நம் ஊர்ப்பக்கத்து முஸ்லிம்கள் 1828-30இல் கட்டியது. அப்போது அந்தத் தெருதான் கடற்கரை. பிறகு கடலைத் தூர்த்துவிட்டார்கள். அதே தெருவில் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில். அங்கே மாசூ என்ற கடல் தெய்வம். உயிரோடு வந்து இறங்கியவர்கள் முதலில் அங்கேதான் ஊதுபத்தி ஏற்றினார்கள். தர்கா இப்போது மரபுடைமை மையம்.

கவின்: பார்த்தீர்களா! கடல் பயம் போனது, தர்கா காட்சிக்கூடம் ஆனது.

மணி சித்தப்பா: நாகூரில் கூட்டம் குறையவில்லையே. கந்தூரிக்கு வந்து பார். அங்கே 131 அடி பெரிய மினாராவைக் கட்டியது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் எந்தக் கப்பல் ஏறினார்?

பெரியம்மா: புளியோதரை போதுமா? தயிர்சாதமும் கட்டவா?

கவின்: இரண்டும் கட்டுங்கள், நானும் வருகிறேன். யாருக்கு மொட்டை?

சரோஜா அத்தை: உனக்குத்தான். போன வருடம் பைக்கில் விழுந்து ஐசியூவில் கிடந்தாயே, அப்போது உன் அப்பா நேர்ந்துகொண்டது.

கவின்: அப்பாவா? அவர் கோயில் வாசல்கூட மிதிக்கமாட்டாரே!

கவின் அப்பா: மணி, வேனில் எனக்கு ஜன்னல் ஓரம்.