ரப்பர் ஷீட் காயவே இல்லை, ஆசிட்டில்தான் கோளாறா?

தோட்டக்காரன்:
குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறேன். எப்போதும் பார்மிக் ஆசிட் ஊற்றித்தான் பாலை உறைய வைப்போம். போன மாதம் கடைக்காரர் "இதுவும் அதேதான், விலை குறைவு" என்று லேபிள் இல்லாத ஒரு கேனைத் தந்தார். பால் நன்றாகத்தான் உறைகிறது, ஆனால் புகைக்கூட்டில் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டும் ஷீட் பிசுபிசுப்பு போகவில்லை, ரோலரிலும் துரு. புளிப்பு ஏறினால் பால் உறையும், எதை ஊற்றினால் என்ன?

பழைய லேப்காரர்:
தம்பி, உறைய வைக்க எதுவும் போதும், நீங்கள் சொல்வது சரிதான். பாலில் உள்ள ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரத உறை, அதில் எதிர்மின்னேற்றம், அதனால்தான் அவை ஒட்டாமல் மிதக்கின்றன. பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5க்குக் கீழே இறங்கினால் அந்த விலக்கம் போய்க் கட்டியாகிவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். பார்மிக் ஆசிட் கொதிப்பது ஏறக்குறைய 101 டிகிரியில், தண்ணீர் மாதிரியே, அதனால் கழுவியதுபோக மிஞ்சுவது காயும்போது ஈரத்தோடு சேர்ந்தே பெரும்பாலும் போய்விடும். கந்தக அமிலம் ஆவியாகாது, ஷீட்டுக்குள்ளேயே தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும், ரப்பரையும் கெடுக்கும், இரும்பையும் தின்னும். உங்கள் கேனில் அதுதான் என்று சந்தேகப்படுகிறேன். அசிட்டிக் என்றால் வினிகர் வாடையே காட்டிக்கொடுத்திருக்கும். அதுவும் கெடுதல் இல்லை, வீரியம் குறைவு என்பதால் கூடுதலாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டக்காரன்:
வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா அண்ணா?

பழைய லேப்காரர்:
கையுறை போட்டுக்கொண்டு ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் வைத்து, தணலுக்கு மேலே எட்டப் பிடித்துக் காயவிடுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் கரியாகக் கருத்தால் கந்தக அமிலம். கேனுக்குள் மூக்கை விடாதீர்கள், பார்மிக் என்றால் முசுறு கடித்த மாதிரி எரியும். எறும்பின் லத்தீன் பெயரிலிருந்துதானே அந்தப் பெயரே வந்தது.

ஆம்பூர்வாசி:
தோல் ஷாப்பில் நாங்கள் இரண்டையுமே புழங்குகிறோம். பிக்கிளில், அதாவது பதனிடும் முன் தோலை ஊறவைக்கும் கரைசலில், உப்போடு கந்தக அமிலமும் போகும், ஆனால் கடைசியில் சாயம் பிடிக்க வைக்கப் பார்மிக்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன், 85 சதவீத பார்மிக் கேனை வெயிலில் வைக்காதீர்கள், மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பி கேன் உப்பிவிடும்.

தோட்டக்காரன்:
தாள் கருத்துவிட்டது. வாடையும் இல்லை. மீதி அரை கேனை என்ன செய்வது?

பழைய லேப்காரர்:
வாழைக்குழியில் கொட்டிவிடாதீர்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. அப்புறம் சுண்ணாம்பைக் கரைத்து விட்டு, நீல லிட்மஸ் தாள் சிவப்பாக மாறுவது நிற்கும் வரை கலக்குங்கள். ரோலரை இன்றைக்கே கழுவிவிடுங்கள்.