நிலா பூமியைச் சுற்ற 27 நாளா, 29½ நாளா?

கேள்வி:
நிலா பூமியைச் சுற்றிவர 27.3 நாள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நாட்காட்டியைப் பார்த்தால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29 அல்லது 30 நாள் வருகிறது. எது சரி? தொலைநோக்கி இல்லாமல் மொட்டை மாடியிலிருந்தே சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில் 1:
இரண்டும் சரிதான். எதை வைத்து அளக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஒரு விண்மீன் அருகிலிருந்து கிளம்பிய நிலா மறுபடி அதனிடம் வந்துசேர 27 நாள் 7 மணி 43 நிமிடம். பௌர்ணமி என்றால் நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். அந்த 27 நாளில் பூமி தன் பாதையில் 27 டிகிரி நகர்ந்துவிடுவதால், சூரியனும் வானில் அவ்வளவு கிழக்கே தள்ளித் தெரியும். அந்த இடைவெளியையும் கடக்க நிலாவுக்கு இன்னும் 2 நாள் 5 மணி தேவை.

நம் பஞ்சாங்கத்தில் இந்த இரண்டு கணக்கும் உண்டு. 27 நட்சத்திரம் முதல் கணக்கு, 30 திதி இரண்டாவது கணக்கு. சித்ரா பௌர்ணமி சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி வருகிறது, அடுத்த பௌர்ணமி விசாகத்தை ஒட்டி. நடுவே சுவாதி. இரண்டு நட்சத்திரம் தள்ளிப்போவதற்குக் காரணம் அந்த 2 நாள் 5 மணிதான்.

பதில் 2:
மாடியில் பார்க்க: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை நான்கும் நிலா வெளிச்சத்திலும் மங்காதவை. இவற்றில் ஒன்று கிழக்கு வானில் இருக்கும்போது நிலா அதன் பக்கத்தில் வரும் இரவைத் தேர்ந்தெடுத்து, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 27ஆம் இரவு அதே மணிக்கு நிலா அந்த விண்மீனுக்கு மேற்கே சுமார் 4 டிகிரி பின்தங்கியிருக்கும். 28ஆம் இரவு கிழக்கே 9 டிகிரி தாண்டியிருக்கும். கையை முழுதாக நீட்டினால் நடுவிரல்கள் மூன்றும் சேர்ந்து 5 டிகிரி, மூடிய முஷ்டி 10 டிகிரி. பிறையையும் கவனியுங்கள்: போன தடவையைவிட இரண்டு நாள் முந்தைய வடிவத்தில் இருக்கும்.

பலர் தென்னை மரத்தையோ எதிர்வீட்டுத் தொட்டியையோ அடையாளமாக வைத்துக் குழம்புகிறார்கள். அது பூமி சுழல்வதைத்தான் காட்டும். விண்மீனை மட்டும் நம்புங்கள். ஒன்றிரண்டு டிகிரி பிசகினால் கவலை வேண்டாம். நிலாவின் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகில் வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். ஒரு திதி சில சமயம் 20 மணியிலும், சில சமயம் 26 மணிக்கு மேலும் முடிவது இதனால்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் நிலாவில் ஒரு நாள் என்பது 27.3ஆ, 29.5ஆ?

பதில் 2:
தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 27.3 நாள். பூமியைச் சுற்றவும் அதே காலம் என்பதால் நமக்கு எப்போதும் ஒரே முகம் தெரிகிறது. ஆனால் அங்கே விடியலுக்கு விடியல் 29.5 நாள். அதில் பாதி பகல், பாதி இரவு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலாவில் தரையிறங்கியது அந்த இடத்தில் விடிந்த சிறிது நேரத்தில்தான். சூரிய ஒளியில் இயங்கும் கலம் என்பதால் சுமார் 14 நாள் பகலை முழுதாகப் பயன்படுத்த அப்படித் திட்டமிட்டார்கள்.