பரிசு என்று வந்த குறுஞ்செய்தி, அம்மாவின் ரீசார்ஜ் பணம்

முதல் பதிவு

போனில் பணம் போட்டால் இரண்டு நாளில் கரைந்துவிடுகிறது என்று அம்மா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "யாருகிட்டம்மா அவ்வளவு நேரம் பேசுறே?" என்று நான்தான் கேட்டேன். அந்தக் கேள்விக்காக இப்போது வருந்துகிறேன்.

போன வாரம் அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். ஐந்து இலக்க எண் ஒன்றிலிருந்து வரிசையாகச் செய்திகள். முதல் செய்தியில், கார் வெல்லும் கடைசிச் சுற்றுக்கு உங்கள் எண் தேர்வாகியுள்ளது, வாழ்த்துகள் என்று இருந்தது. அதன் கீழே ஒரு கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள்? 5 என்றால் 'அ', 7 என்றால் 'ஆ'. அம்மா 'ஆ' என்று அனுப்பியிருக்கிறார். உடனே, சரியான விடை, 500 புள்ளிகள், முதலிடத்துக்கு இன்னும் 300 புள்ளிகள்தான் என்று பதில். அடுத்த கேள்வியும் அதே தரம். அதற்கும் பதில். இப்படியே பதினாறு செய்திகள்.

கட்டணம் சொல்லப்படவே இல்லையா என்றால், சொல்லியிருக்கிறார்கள். முதல் செய்தியின் அடியில், நான்கைந்து வெற்று வரிகளுக்குக் கீழே. திரையைத் தள்ளிக்கொண்டே போனால்தான் கண்ணில் படும். சாதாரணக் குறுஞ்செய்தியைவிடப் பல மடங்கு கட்டணம், அதோடு வாராவாரம் சந்தா. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த வெற்று வரிகளைப் பார்த்தபோதுதான். தவறுதலாக யாரும் அப்படி இடம் விடமாட்டார்கள்.

என் அம்மா ஏமாளி இல்லை. நாற்பது வருடம் வீட்டுக் கணக்கை ஒரு காசு பிசகாமல் பார்த்தவர். ஏன் பதில் போட்டாய் என்று கேட்டதற்கு, "பேர் சொல்லி வாழ்த்துறாங்க, கேள்வி கேக்குறாங்க. தெரிஞ்ச பதிலைச் சொல்லாம இருக்குறது நல்லாவா இருக்கும்?" என்றார். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? பணம் திரும்பக் கிடைத்ததா?

மறுமொழி

வணக்கம். நான் சில ஆண்டுகள் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் வேலை செய்தேன். உங்கள் அம்மாவைப் போல நாளுக்குப் பத்துப் பேராவது அழைப்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஐந்து இலக்க எண் பிரீமியம் எண், அதாவது சாதாரணத்தைவிடக் கூடுதல் கட்டணம் பிடிக்கும் எண். அதில் நாம் அனுப்பும் செய்திக்கு மட்டும்தான் காசு என்று பலரும் நினைக்கிறார்கள். சந்தாவில் சேர்ந்துவிட்டால், அவர்கள் நமக்கு அனுப்பும் செய்திக்கும் நம்மிடமே பிடிப்பார்கள். படிக்காமல் அழித்தாலும் பிடிப்பார்கள். அதனால்தான் பதில் போடுவதை நிறுத்திய பிறகும் பணம் போய்க்கொண்டே இருக்கிறது.

கேள்வி ஏன் அவ்வளவு எளிதாக இருக்கிறது தெரியுமா? பணம் வாங்கிக்கொண்டு வெறும் அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுத்தால் அது லாட்டரி. பல நாடுகளில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் 'அறிவுப்போட்டி' என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்று, நாம் அனுப்பும் அந்த ஒற்றை எழுத்துதான் அவர்களுக்குச் சம்மதப் பத்திரம். பிறகு புகார் செய்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

புகாருக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில், "அது வேறு நிறுவனத்தின் சேவை, அவர்களிடம் கேளுங்கள்." அதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்பது இன்றும் உறுத்துகிறது. பிடித்த பணத்தில் தொலைபேசி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 2014இல் இது பெரிய வழக்கானது. வாடிக்கையாளர் கேட்காத சேவைகளுக்குப் பில்லில் கட்டணம் சேர்த்ததாக ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் மீது, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. அந்தக் கட்டணத்தில் குறைந்தது 35 சதவீதத்தை நிறுவனமே வைத்துக்கொண்டது என்றது ஆணையம். 10.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதில் 8 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. இந்தியாவில் 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இதுபோன்ற சேவையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறையும் சம்மதம் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது அம்மாவின் தொலைபேசி நிறுவனத்திடம்தான். எந்தத் தேதியில், எந்தச் செய்தி மூலம் சம்மதம் பெறப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். அந்த முதல் செய்தியை வெற்று வரிகளோடு படம் எடுத்து வையுங்கள், அழித்துவிடாதீர்கள். அப்புறம், இந்த எண்ணில் மூன்றாம் தரப்புக் கட்டணம், அதாவது வேறு நிறுவனங்களின் சேவைக்கான கட்டணம், எதுவும் கூடாது, பூட்டுங்கள் என்று சொல்லுங்கள். பல நிறுவனங்களில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

மறுமொழி

நான் எந்தப் பதிலும் அனுப்பவில்லை. செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டேன், 'பரிசைப் பார்க்க' என்ற பெரிய பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். நம்பர்கூடக் கொடுக்கவில்லை. எப்படிச் சந்தாவில் சேர்த்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

மறுமொழி (வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர்)

மொபைல் டேட்டாவில் இருந்திருப்பீர்கள். அதில் போகும்போது, இணைப்பு யாருடைய எண்ணிலிருந்து வருகிறது என்று தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். கட்டணத்தை நேரே அந்த எண்ணில் போட்டுவிட முடியும். வைஃபையில் இருந்தால் அது முடியாது. எண்ணைக் கேட்பார்கள், குறியீடு அனுப்பி உறுதிசெய்வார்கள். அந்த இடத்தில் பலர் சுதாரித்துக்கொள்கிறார்கள்.

மறுமொழி

'ஸ்டாப்' என்று அனுப்பினால் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அனுப்பிய பிறகுதான் செய்திகள் இன்னும் அதிகமாயின. தினமும் புதுப்புது எண்களிலிருந்து வருகின்றன. தயவுசெய்து அந்த யோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் சொல்லாதீர்கள்.

மறுமொழி (வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர்)

நீங்கள் சொல்வது சரி. பணம் பிடிக்கும் சந்தா எண்ணுக்கு 'ஸ்டாப்' அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். எந்தத் தேதியில் நிறுத்தச் சொன்னோம் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் முழு நீளச் சாதாரண எண்ணிலிருந்து பரிசுச் செய்தி வந்தால் எதுவும் அனுப்பக் கூடாது. இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மறுமொழி

என் தங்கைக்கு வந்தது வேறு மாதிரி. போன் பரிசு, டெலிவரிச் செலவு மட்டும் கார்டில் கட்டினால் போதும் என்றார்கள். சின்னத் தொகைதானே என்று கட்டினாள். போன் வரவில்லை. மாதாமாதம் கார்டிலிருந்து பெரிய தொகை போக ஆரம்பித்தது. இது தொலைபேசி பில்லில் தெரியாது, வங்கிக் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். கடைசியில் கார்டையே மாற்றினோம்.

முதலில் பதிவிட்டவர்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே எழுத்தில் கேட்டேன். முதல் இரண்டு முறை அதே பதில், அந்த நிறுவனத்திடம் கேளுங்கள் என்று. மூன்றாவது கடிதத்தோடு வெற்று வரிகள் உள்ள படத்தையும் இணைத்து, இரண்டாவது சம்மதம் எங்கே என்று கேட்டேன். சந்தாவில் போன தொகையைத் திருப்பிவிட்டார்கள். அம்மாவே அனுப்பிய பதினாறு பதில்களுக்கு உரியதைத் தர மறுக்கிறார்கள். அதற்கும் எழுதியிருக்கிறேன், விடுவதாக இல்லை.

நேற்று இன்னொரு எண்ணிலிருந்து வாழ்த்துச் செய்தி வந்திருக்கிறது. அம்மா அதைத் திறந்து, அடிவரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு, என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "இதுலயும் கீழே போட்டிருக்கான் பாரு" என்றார்.