பூஜ்ய வோல்ட்டில் ஒரு மேடு: மேற்பரப்பு நிலையா, ஷார்ட்டா?

கேள்வி:
ஒய்பிசிஓ (YBCO) என்ற மீகடத்திப் படலத்தின் (110) முகத்தில், அதாவது படிக அச்சுகளுக்குச் சாய்வாக வெட்டிய முகத்தில், ஈயம் படியவைத்து, நடுவில் மெல்லிய தடுப்புள்ள ஜங்ஷன் செய்தேன். 4.2 கெல்வினில் கடத்துதிறனை அளந்தால், சரியாகப் பூஜ்ய வோல்ட்டில் ஊசி மாதிரி ஒரு மேடு. எனக்கு அது ஆண்ட்ரீவ் கட்டுண்ட நிலை, அதாவது மீகடத்தியின் மேற்பரப்பில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான் நிலை. வழிகாட்டியோ வரைபடத்தைப் பார்த்ததுமே "ஷார்ட்" என்றார், தடுப்பில் ஓட்டை விழுந்து மின்சாரம் நேராகப் பாய்கிறதாம். யார் சரி?

பதில் 1:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஈயம் 7.2 கெல்வினுக்குக் கீழே தானும் மீகடத்தி. அப்போது கட்டுண்ட நிலையின் தடயம் பூஜ்யத்தில் தெரியாது, ஈயத்தின் ஆற்றல் இடைவெளி (தனி எலக்ட்ரானுக்கு நிலையே இல்லாத பகுதி) அளவுக்கு, அதாவது ±1.4 மில்லிவோல்ட் அருகே தள்ளிப்போகும். அங்கே ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் டன்னலிங் (எலக்ட்ரான்கள் தடுப்பை ஊடுருவுவது) நடக்கிறது, வெறும் ஷார்ட் இல்லை. நடுவில் நிற்கும் ஊசி அநேகமாக ஜோசப்சன் மின்னோட்டம், அதாவது இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே வோல்ட் இல்லாமலே பாய்வது. நானும் ஒரு வாரம் அதைப் பார்த்துக் குதித்தவன்தான், அந்த வெட்கத்தில் சொல்கிறேன்.

8 கெல்வினுக்குச் சூடேற்றுங்கள். ஈயம் சாதா உலோகமாகிவிடும். அப்போதும் பூஜ்யத்தில் மேடு இருந்தால் பேசலாம். வெப்பம் மட்டுமே அதை 2.4 மில்லிவோல்ட் அளவுக்கு அகலப்படுத்தும். அதைவிட ஒல்லியாக இருந்தால் நம்பாதீர்கள்.

ஏன் (110)? ஒய்பிசிஓவில் எலக்ட்ரான்கள் டி-அலை வகையில் இணைகின்றன: நான்கு இதழ்ப் பூ மாதிரி வடிவம், அடுத்தடுத்த இதழ்களின் குறி எதிரெதிர். அந்த முகத்தில் மோதித் திரும்பும் எலக்ட்ரான், போகும்போது ஒரு குறியையும் வரும்போது மறு குறியையும் சந்திக்கிறது. அதனால் ஃபெர்மி ஆற்றலிலேயே, அளவீட்டில் பூஜ்ய வோல்ட்டிலேயே, ஒரு நிலை மாட்டிக்கொள்கிறது. 1994-இல் ஹூ என்ற இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டியது இதைத்தான். மறுவருடம் தனாகா, கஷிவாயா இருவரும் டன்னலிங் கடத்துதிறனையே கணக்கிட்டார்கள்.

பதில் 2:
அப்புறம், "(100) முகத்தில், அதாவது படிக அச்சுக்கு நேர்க்குத்தான முகத்தில், மேடு வரக்கூடாது" என்று ஒப்பிடப் போகாதீர்கள். மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால் அங்கும் வரும். காந்த மாசுகளும் பூஜ்யத்தில் மேடு தரும். காந்தப் புலத்தை சி-அச்சிலும் (படிகத்தின் அணு அடுக்குகளுக்குச் செங்குத்தான திசை) அதற்குக் குறுக்கே அடுக்குகளின் தளத்திலும் திருப்பிப் பாருங்கள். கட்டுண்ட நிலையின் மேடு சி-அச்சுப் புலத்தில்தான் நன்றாக இரண்டாகப் பிளக்கும். மாசுக்குத் திசை அவ்வளவாகப் பொருட்டில்லை.

கேள்வி கேட்டவர்:
8 கெல்வினில் ஊசி போய்விட்டது. அடியில் 3 மில்லிவோல்ட் அகலத்தில் ஒரு குட்டி மேடு மட்டும் மிச்சம். 4.2-இல் ±1.4 அருகே இருந்த புடைப்புகளை இத்தனை நாள் இரைச்சல் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். வழிகாட்டியிடம் காட்டினேன். இப்போது "புலத்தைத் திருப்பு" என்கிறார்.