பீட ஒன்றியத் தேர்தலில் நிற்கலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்

முல்லைப்பிள்ளை:
வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கலைப்பீடம், இரண்டாம் வருடம். ஊர் முல்லைத்தீவு, கம்பஸுக்குப் பக்கத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போர்டிங். பீட மாணவர் ஒன்றியத்துக்கு என்னை நிற்கச் சொல்லி பட்ச் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்விப்பட்டதும் அம்மா அழத் தொடங்கிவிட்டா. "ஒன்றியம் என்றால் சிஐடி வீட்டுக்கு வரும்" என்கிறா. ஒன்றியத்தால் உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா? நினைவு நாளுக்குப் பனர் கட்டுவதோடு முடிந்துவிடுமா?

பரமேஸ்வராச்சந்தி:
நில்லுங்கள் தங்கச்சி. படிப்பு பிந்தாமல் பாருங்கள், அது போதும்.

பழைய பட்ச் அக்கா:
தங்கச்சி, அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2012 நவம்பர் 27, மாவீரர் நாளன்று விடுதியில் விளக்கேற்றியபோது படையினர் உள்ளே வந்தார்கள். அடுத்த நாள் அதை எதிர்த்து வீதியில் இறங்கிய மாணவர்களை அடித்துக் கலைத்தார்கள். அப்புறம் ஒன்றியத் தலைவர் உட்பட நான்கு பேரைப் பிடித்து, புனர்வாழ்வு என்று வெலிக்கந்தை முகாமுக்கு அனுப்பினார்கள். 2013 தொடக்கத்தில்தான் விட்டார்கள்.

அவர்களை விடச் சொல்லி அந்த நாட்களில் நாங்கள் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தோம். வெளியே தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் பட்சில் பலர், போர் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள். சிலருக்குத் தகப்பன் இல்லை, சிலருக்கு அண்ணன் எங்கே என்றே தெரியாது. மகாபொல புலமைப்பரிசில் காசு பிந்தினால் கடையில் கொப்பிக் கணக்கில்தான் சாப்பாடு. யாருக்குக் கடைக்காரர் இனிக் கடன் இல்லை என்றுவிட்டார், யார் போர்டிங் காசு கட்டவில்லை, எந்தப் பிள்ளையை வீட்டில் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று அறை அறையாகக் கேட்டுத் திரிந்தவர்கள் ஒன்றியப் பிள்ளைகள். பழைய மாணவர்கள் அனுப்பிய காசை, வாங்கியவர் பெயர் வெளியே வராமல் கொடுத்தார்கள். பகிஷ்கரிப்பு குலையாமல் நின்றது அதனால்தான் என்று இன்றும் சொல்வேன். பசியோடு இருக்கிற பிள்ளையிடம் போய் ஒற்றுமை பற்றிப் பேச முடியாது.

மற்றது, 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி பீடச் சபையில் மாணவர்கள் தெரிவு செய்யும் இருவருக்கு இடம் உண்டு. பாடங்கள், பரீட்சை பற்றிய கதை எல்லாம் அங்கேதான் நடக்கும். எல்லோரும் தலைவர் பதவிக்கு அடிபடுவார்கள், அந்தக் கதிரையைக் கவனிக்க மாட்டார்கள். நீங்கள் அதைக் கேளுங்கள். இன்னொன்று: கலைப்பீடத்தில் பெண்கள்தான் அதிகம். ஆனாலும் என் காலத்தில் தலைவர்களாக நான் பார்த்தது பெடியன்களை. உங்களைச் செயலாளராக்கிக் கூட்டக் குறிப்பு எழுத மட்டும் விடப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள்.

விஞ்ஞானபீடம்:
அக்கா சொன்னதோடு ஒன்று. 2016 ஜூலையில் எங்கள் பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில் சிங்களவரின் கண்டிய நடனம் சேர்ப்பது பற்றிய தகராறு தமிழ், சிங்கள மாணவர்களின் அடிதடியில் முடிந்தது. வாசலில் மேளம் வந்து நின்ற பிறகு பேசத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். இப்போது சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் உங்கள் வாக்காளர்கள். நிகழ்ச்சி நிரல் போடும் முன்னரே அவர்களையும் கூப்பிட்டு இருத்துங்கள்.

ஒன்றியத்தால் முடியுமா என்று கேட்டீர்கள். 2021 ஜனவரி 8 இரவு, போரில் இறந்தவர்களுக்காக வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11 ஆம் திகதி காலை துணைவேந்தரே வந்து திரும்ப அடிக்கல் நாட்டினார்.

முல்லைப்பிள்ளை:
நன்றி அக்கா, அண்ணா. பீடச் சபை பற்றி இங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்கே கேட்கப் போகிறேன். காசு விஷயம்தான் பயம், கணக்கில் பிழை வந்தால் என் பெயர்தானே கெடும்?

பழைய பட்ச் அக்கா:
ஒன்றியத்துக்கு மூத்த பொருளாளராக ஒரு விரிவுரையாளர் இருப்பார். அவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாவும் எடுக்க விடாதீர்கள். பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள், பொதுக்கூட்டத்தில் கணக்கை வாசியுங்கள். அம்மாவின் நம்பரைத் தனிமடலில் அனுப்புங்கள், நானே அவவுடன் கதைக்கிறேன்.